வாசகர் கேள்விகள்: சிங்கப்பூர் வெள்ளியும் நம்ம வீட்டுக் கணக்கும்

போன இதழ்ல "சின்ன திறந்த பொருளாதாரம்"னா என்னன்னு சிங்கப்பூரை வெச்சு எழுதியிருந்தேன். உலக சந்தையில விலையை தானா நிர்ணயிக்க முடியாத, ஆனா இறக்குமதி ஏற்றுமதி இல்லாம ஒரு நாள்கூட வாழ முடியாத நாடு, அங்க அரசாங்கத்துக்கு கையில இருக்கற கருவி ரொம்ப கம்மி, அந்த சிலதை எப்படி பிடிச்சு ஓட்டுறாங்கங்கறதுதான் அதுல சொன்னது. அதுக்கு வந்த கேள்விகள் நான் நினைச்சதைவிட நிறைய. முடிஞ்சவரை இங்க பதில்.

எங்க அப்பா 2000-ல சிங்கப்பூர் போனப்ப ஒரு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) 26 ரூபா கிட்ட கிடைச்சுச்சாம். இப்ப அண்ணன் அனுப்பறப்ப 60 ரூபாய்க்கு மேல வருது. அப்படி என்னதான் பண்றாங்க அங்க?
*(வாசகர், மன்னார்குடி)*

இதுல ரெண்டு கதை ஒண்ணா கலந்து கிடக்கு தம்பி, முதல்ல அதை பிரிச்சுக்கணும். 2000-ல ஒரு அமெரிக்க டாலர் 44, 45 ரூபா. இன்னைக்கு 80-க்கு மேல. அதாவது நம்ம ரூபா இறங்கினது ஒரு கதை, பெரிய பங்கு அதுக்குத்தான். இன்னொரு கதை, அதே 2000-ல ஒரு அமெரிக்க டாலர் வாங்க 1 வெள்ளி 70 காசு தேவைப்பட்டுச்சு, இப்ப 1 வெள்ளி 30 காசு போதும். உலகத்துல பெரும்பாலான நாட்டுக் காசு டாலருக்கு எதிரா தேய்ஞ்ச காலத்துல இவங்க காசு ஏறியிருக்கு. அது தற்செயல் இல்ல, அவங்க பாலிசியே அதுதான்.

1981-ல இருந்து சிங்கப்பூர் நாணய ஆணையம் (அவங்க ஊர் ரிசர்வ் பேங்க், சுருக்கமா எம்.ஏ.எஸ்) வட்டி விகிதத்தை வெச்சு விலைவாசியை கட்டுப்படுத்தறதில்ல, நாணய மதிப்பை வெச்சு கட்டுப்படுத்துது. சிங்கப்பூர் யார் யாரோட வியாபாரம் பண்ணுதோ அந்த நாட்டு நாணயங்களை எல்லாம் ஒரு கூடையா சேர்த்து அதுக்கு எதிரா வெள்ளியோட மதிப்பை பாக்கறாங்க. அந்த மதிப்பு ஒரு வரம்புக்குள்ள ஓடணும், அந்த வரம்பே வருஷா வருஷம் மெல்ல மேல சாயும். கூடையில எந்த நாணயம் எவ்வளவுன்னும் வெளிய சொல்றதில்ல, வரம்பு எவ்வளவு அகலம்னும் சொல்றதில்ல.

தேர் இழுக்கறதை பாத்திருப்பீங்க. வடத்தை இழுக்கறது ஊர் ஜனம், ஆனா தேர் எந்தப் பக்கம் திரும்பணும் எங்க நிக்கணும்னு முடிவு பண்றது சக்கரத்துக்குப் பக்கத்துல முட்டுக்கட்டையோட ஓடறவன். வெள்ளியை தினம் இழுக்கறது சந்தைதான், வரம்பை விட்டு ஓடப்பாக்குறப்ப எம்.ஏ.எஸ் கட்டையைப் போடும், அதாவது டாலரை வாங்கும் இல்ல விக்கும். விலைவாசி ஏறும்னு தெரிஞ்சா வரம்போட சாய்வை கொஞ்சம் செங்குத்தா ஆக்குவாங்க, வியாபாரம் படுக்கும்னு தெரிஞ்சா சாய்வை குறைப்பாங்க இல்ல தட்டையா ஆக்கிடுவாங்க. முன்னாடி வருஷத்துக்கு ரெண்டு தடவை ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் அறிவிப்பாங்க, 2024-ல இருந்து மூணு மாசத்துக்கு ஒரு தடவை.

உங்க அண்ணன் கணக்குக்கு இதுல இருந்து எடுத்துக்க வேண்டியது ஒண்ணுதான். வெள்ளி ஒரே நாள்ல தாவாது, மெல்லத்தான் நகரும். நீங்க போன்ல பாக்குற ரேட் திடீர்னு ஆடுதுன்னா பெரும்பாலும் அது ரூபா-டாலர் ஆட்டம். "இன்னும் ஏறட்டும்"னு மூணு மாசம் காசை அங்கயே வெச்சுட்டு இங்க நகைக்கடன் வட்டி கட்டறது எந்தக் கணக்குலயும் லாபம் கிடையாது.

ரிசர்வ் பேங்க் ரெப்போ ரேட்டை ஏத்தி இறக்கற மாதிரி அவங்களும் வட்டியை ஏத்தி இறக்கலாமே, எதுக்கு இவ்வளவு சுத்தல்?
*(வாசகர், கோயம்புத்தூர்)*

ஏத்த முடியாதுங்க, அதுதான் விஷயம். பணம் தடையில்லாம உள்ள வரலாம் வெளிய போகலாம்னு கதவை முழுசா திறந்து வெச்ச நாடு அது, ஆசியாவோட பெரிய நிதி மையங்கள்ல ஒண்ணு. அப்படி கதவைத் திறந்து வெச்சுட்டு நாணய மதிப்பையும் கையில வெச்சுக்கிட்டு வட்டியையும் தன் இஷ்டத்துக்கு வெச்சுக்கறதுங்கறது நடக்காத காரியம், மூணுல ரெண்டுதான் கிடைக்கும்னு பொருளாதாரப் பாடத்துல முதல் வருஷமே சொல்லிக்கொடுப்பாங்க. அமெரிக்காவுல வட்டி 5 சதவீதம் இருக்கறப்ப சிங்கப்பூர் 1 சதவீதம்னு அறிவிச்சா காசு அன்னைக்கே பெட்டியைக் கட்டிரும். அதனால வட்டியை அவங்க விட்டுட்டாங்க. 2022-ல அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட் வட்டியை மளமளன்னு ஏத்தினப்ப சிங்கப்பூர்ல வீட்டுக்கடன் வட்டியும் கூடவே ஏறுச்சு, அங்க யாரும் அதை அறிவிக்கல, அதுபாட்டுக்கு ஏறுச்சு.

அதுவுமில்லாம அங்க வட்டியைவிட நாணயம்தான் விலையைத் தொடும். சிங்கப்பூரோட மொத்த வியாபாரம், ஏற்றுமதி இறக்குமதி ரெண்டையும் கூட்டினா, அதோட ஜிடிபி-யைப் போல மூணு மடங்குக்கு மேல. உள்ளூர்ல ஒருத்தர் செலவு பண்ற ஒவ்வொரு வெள்ளியிலயும் ஏறத்தாழ 40 காசு இறக்குமதிக்குப் போகுது. அரிசி, முட்டை, பெட்ரோல், வீடு கட்ற மணல் வரைக்கும் வெளியில இருந்து வர்ற ஊர்ல, காசோட மதிப்பை 3 சதவீதம் ஏத்தினா வர்ற எல்லாப் பொருளும் அந்த அளவுக்கு மலியும். இங்க நமக்கு அப்படி இல்ல, நெல்லும் பருப்பும் நம்ம நிலத்துல விளையுது, பருவமழை தப்பினா ரூபாயை ஏத்தி தக்காளி விலையைக் குறைக்க முடியாது.

நான் உட்லண்ட்ஸ்ல இருக்கேன். வெள்ளி அவ்வளவு பலம்னு எழுதறீங்க, ஆனா உணவங்காடியில கோழிச்சோறு விலை வருஷா வருஷம் ஏறுது. ஜிஎஸ்டியையும் 9 ஆக்கிட்டாங்க. அந்தப் பலம் எங்களுக்கு ஏன் தெரியல?
*(வாசகி, சிங்கப்பூர்)*

உங்க கோபத்துல நியாயம் இருக்கு. 2022-ஐயே எடுத்துக்குவோம். 2021 அக்டோபர்ல ஆரம்பிச்சு 2022 அக்டோபர் வரைக்கும் எம்.ஏ.எஸ் அஞ்சு தடவை பிடியை இறுக்குச்சு, அதுல ரெண்டு தடவை வழக்கமான தேதிக்குக்கூட காத்திருக்காம நடுவுல செஞ்சது. அப்படியும் அந்த வருஷம் விலைவாசி உயர்வு 6.1 சதவீதம். நாணயத்தை ஏத்தலேன்னா இன்னும் மேல போயிருக்கும், அது உண்மைதான், ஆனா கடையில காசு கொடுக்கறவங்களுக்கு "இன்னும் ஏறியிருக்கும்"ங்கறது ஆறுதல் ஆகாது.

இதுல கோழி ஒரு நல்ல பாடம். 2022 ஜூன் 1-ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்திடுச்சு, அவங்க ஊர்ல தட்டுப்பாடு. சிங்கப்பூருக்கு வர்ற கோழியில மூணுல ஒரு பங்கு அங்க இருந்துதான், அதுவும் உயிரோட லாரியில வந்து சிங்கப்பூர்ல அறுக்கற ஃப்ரெஷ் கோழி, கோழிச்சோறு கடைக்காரங்க கேக்குறதே அதைத்தான். வெள்ளி எவ்வளவு பலமா இருந்தும் பிரயோஜனமில்ல, விக்கறவன் இல்லைன்னா எந்தக் காசும் கோழி ஆகாது. ஒரு மாசத்துக்குள்ள இந்தோனேசியாவுல இருந்து கோழி வாங்க அனுமதி கொடுத்தாங்க. ஒரே பொருளை பல நாட்டுல இருந்து வாங்கற ஏற்பாடு, அரிசி கையிருப்பு, தண்ணிக்கு 2003-லயே ஆரம்பிச்ச நியூவாட்டர் (கழிவுநீரைச் சுத்திகரிச்சு எடுக்கற தண்ணி), இதெல்லாம் நாணயக் கொள்கை எட்டாத இடத்துக்குப் போட்ட பாலம்தான். தண்ணிக்கு மலேசியாவோட போட்ட 1962 ஒப்பந்தம் 2061-ல முடியுது, அந்தத் தேதியை மனசுல வெச்சுத்தான் அங்க தண்ணித் திட்டம் போடறாங்க.

இன்னொண்ணு, கோழிச்சோறு விலையில கோழி ஒரு பங்குதான், மீதி கடை வாடகை, ஆள் கூலி, கரண்ட். நாணயத்தை ஏத்தினா வாடகை குறையாது. ஜிஎஸ்டி 2023-ல 8, 2024-ல 9 ஆனதும் இதே காலத்துலதான் வந்துச்சு. வயசானவங்க எண்ணிக்கை கூடுது, மருத்துவச் செலவு கூடுது, அதுக்கு வருமானம் வேணும்னு அரசாங்கம் சொன்ன காரணம் எனக்குப் புரியுது, வசதி கம்மியானவங்களுக்கு ரொக்கமும் வவுச்சரும் கொடுத்தாங்க. ஆனா விலை ஏறிக்கிட்டிருந்த நேரத்துல வரியையும் சேர்த்து ஏத்தினதை ஒரு வருஷம் தள்ளிப் போட்டிருக்கலாம்னுதான் இன்னைக்கும் நினைக்கறேன்.

நாங்களும் ஒரு சின்னத் தீவுதான். எங்கட மத்திய வங்கியும் ரூபாயைப் பிடிச்சு வைச்சுக்கொண்டுதானே இருந்தது, பிறகு ஏன் 2022-ல எங்களுக்கு அப்பிடி நடந்தது? அவையள் செய்தது சரி, நாங்கள் செய்தது பிழை எண்டால் வித்தியாசம் எங்க கிடக்கு?
*(வாசகர், யாழ்ப்பாணம்)*

இந்த இதழுக்கு வந்ததுலயே என்னை ரொம்ப நேரம் யோசிக்க வெச்ச கேள்வி உங்களோடதுங்க ஐயா.

ரெண்டு பேரும் பிடிச்சது நாணயத்தைத்தான், ஆனா பிடிச்ச திசை வேற. சிங்கப்பூர்ல ஏற்றுமதி மிச்சம், சேமிப்பு மிச்சம், வெளியில இருந்து டாலர் வந்து குவியுது, வெள்ளி தன்னாலயே மேல போகத்தான் பாக்கும். எம்.ஏ.எஸ் பெரும்பாலும் டாலரை வாங்கி வாங்கி அந்த ஏத்தத்தை மெதுவாக்குது, அப்படி வாங்கினதுதான் கையிருப்பா குவியுது. இலங்கையில நிலைமை தலைகீழ். டாலர் வெளியே ஓடிக்கிட்டிருந்தப்ப, இருக்கற கையிருப்பை வித்து ரூபாயை 200 கிட்ட நிறுத்தி வெச்சாங்க. கையிருப்பு தீர்ற வரைக்கும்தான் அது நிக்கும். 2022 மார்ச்ல விட்டாங்க, ஏப்ரல் 12-ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியலைன்னு அறிவிச்சாங்க, மே மாசத்துக்குள்ள டாலர் 360 கிட்ட போயிருச்சு.

ஆனா நாணயத்தை மட்டும் குத்தம் சொல்லி பிரயோஜனமில்ல, அதுக்கு அடியில பட்ஜெட் இருக்கு. 2019 கடைசியில வாட் வரியை 15-ல இருந்து 8-க்கு ஒரே வீச்சுல இறக்கினாங்க, அடுத்த வருஷமே கொரோனா வந்து டூரிஸ்ட் வரவு அடியோட நின்னுச்சு, வருமானம் போன இடத்தை மத்திய வங்கி காசு அடிச்சு ரொப்புச்சு. உள்ளூர்ல காசை அச்சடிச்சுக்கிட்டே வெளியில அதோட மதிப்பை நிறுத்தி வைக்கிறது எந்த நாட்டாலயும் ஆகாது. வங்கியில 200, வெளியில அதைவிட நல்ல விலைன்னு ஆனதும் மத்திய கிழக்குல உழைக்கற பிள்ளைகள் எல்லாம் வங்கியை விட்டுட்டு உண்டியல்ல (தனி ஆள் வழியா) காசு அனுப்ப ஆரம்பிச்சாங்க, அவங்களை யாரும் தப்பு சொல்ல முடியாது, தன் வீட்டுக்கு நாலு காசு கூட வரட்டும்னு யார்தான் நினைக்க மாட்டாங்க. ஆனா வங்கி வழியா வர வேண்டிய டாலரும் அதோட நின்னுச்சு.

சிங்கப்பூர்ல அந்தக் கதவுக்கு சட்டத்துலயே பூட்டு போட்டிருக்காங்க. 1991-ல அரசியல் சாசனத்தைத் திருத்தி, பழைய அரசாங்கங்கள் சேர்த்து வெச்ச கையிருப்பைத் தொடணும்னா மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் சம்மதிக்கணும்னு ஆக்கினாங்க. முதல் தடவையா அது நடந்தது 2009-ல, உலக நிதி நெருக்கடியில. அப்ப அதிபர் எஸ்.ஆர்.நாதன், தமிழர். 490 கோடி வெள்ளி எடுக்க சம்மதிச்சார், எடுத்ததை 2011-ல திருப்பி வெச்சுட்டாங்க. கொரோனா மூணு வருஷத்துல கிட்டத்தட்ட 4,000 கோடி வெள்ளி எடுத்தாங்க, வெளிய ஒரு காசு கடன் கேக்கல.

அதனால ஐயா, நாணயத்தைப் பிடிக்கற வித்தையை சிங்கப்பூர்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டா போதாது, அதுக்கு முன்னாடி 20 வருஷம் செலவுக்கு மேல வரவை வெச்சிருந்த பழக்கம் வேணும். அதுதான் கஷ்டமான பகுதி, அதை எந்த நிபுணரும் சூட்கேஸ்ல கொண்டு வந்து தர முடியாது.

1986-ல சிங்கப்பூர்ல ஊர் பூரா சம்பளத்தைக் குறைச்சாங்கன்னு படிச்சேன். யூனியன்ல இருந்தவன் நான், நம்பவே முடியல. உண்மையா?
*(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை)*

உண்மை, ஆனா குறைச்சது கைக்கு வர்ற சம்பளத்தை இல்லங்க. அங்க மத்திய சேம நிதின்னு ஒண்ணு இருக்கு, நம்ம பி.எஃப் மாதிரி, ஆனா அளவு ரொம்ப பெருசு. 1984-ல தொழிலாளி சம்பளத்துல 25 சதவீதம், முதலாளி மேல 25 சதவீதம், மொத்தம் பாதிச் சம்பளம் சேமிப்புக்குப் போய்க்கிட்டிருந்துச்சு. அதுக்கு முன்னாடி 1979-ல, மலிவு கூலி வேலையை விட்டு உயர்ந்த தொழிலுக்குப் போகணும்னு சம்பளத்தை வேணும்னே வேகமா ஏத்த வெச்சாங்க. உற்பத்தி அந்த வேகத்துக்கு ஏறல. 1985-ல உலக வியாபாரமும் படுத்து, கட்டுமானமும் படுத்து, சுதந்திரத்துக்கு அப்புறம் முதல் தடவையா நாட்டோட பொருளாதாரம் சுருங்குச்சு.

வழக்கமா இந்த நேரத்துல நாடுகள் நாணய மதிப்பைக் குறைக்கும், பொருள் மலியும், ஏற்றுமதி ஏறும். ஆனா எல்லாமே இறக்குமதி பண்ற ஊர்ல நாணயத்தைக் குறைச்சா அடுத்த மாசமே விலைவாசி ஏறி, சம்பளம் ஏத்தச் சொல்லி கேப்பாங்க, கிடைச்ச லாபம் அதோட போச்சு. அதனால லீ சியன் லூங் (பின்னாடி பிரதமர் ஆனவர்) தலைமையில ஒரு கமிட்டி போட்டு, 1986 ஏப்ரல்ல முதலாளி கட்ற சேம நிதியை 25-ல இருந்து 10-க்கு இறக்குனாங்க. கம்பெனிக்கு ஆள் செலவு ஒரே நாள்ல குறைஞ்சுச்சு, கம்பெனி வரியையும் 40-ல இருந்து 33-க்கு கொண்டு வந்தாங்க. 1987-லயும் 88-லயும் வளர்ச்சி திரும்ப 10 சதவீதத்துக்கு மேல.

நீங்க யூனியன்காரர், உங்களுக்கு உடனே தோணுற கேள்வி எனக்கும் தோணுது: அந்த 15 சதவீதம் யாரோட காசு? தொழிலாளியோட முதுமைக்குச் சேர வேண்டிய காசு. அங்க தொழிற்சங்கமும் அரசாங்கமும் முதலாளிகளும் 1972-ல இருந்து ஒரே மேசையில உக்காந்து சம்பள வழிகாட்டுதல் பேசற கவுன்சில் இருக்கு, அதனால இது நடந்துச்சு, தெருவுக்கு யாரும் வரல. அந்தக் கட்டுப்பாட்டை நான் மதிக்கறேன். ஆனா அந்தக் கட்டுப்பாட்டோட, வேண்டாம்னு சொல்ற உரிமை தொழிலாளிக்கு எவ்வளவு இருந்துச்சுங்கறதையும் சேர்த்துத்தான் பாக்கணும், அங்க வேலைநிறுத்தம்ங்கறதே அபூர்வம்.

சிங்கப்பூர் வளர்ச்சி வெறும் வியர்வைதான், அறிவு வளர்ச்சி இல்லைன்னு க்ரூக்மன் சொன்னதா எங்க பேராசிரியர் வகுப்புல சொன்னார். நீங்க என்ன நினைக்கறீங்க?
*(எம்.ஏ. மாணவி, திருச்சி)*

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பால் க்ரூக்மன் 1994-ல எழுதினது அது, ஆல்வின் யங்ங்கற பொருளாதார அறிஞரோட கணக்கை ஆதாரமா வெச்சு. கணக்கு தப்பில்லம்மா. 1966-ல இருந்து 1990-க்குள்ள வேலைக்குப் போறவங்க பங்கு மக்கள்தொகையில 27 சதவீதத்துல இருந்து 51 ஆச்சு, முதலீடு உற்பத்தியில 11 சதவீதத்துல இருந்து 40-க்கு மேல போச்சு. பொம்பளைங்க எல்லாம் ஃபேக்டரிக்கு வந்தாங்க, பிள்ளைங்க எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போனாங்க. இது ஒரு தடவைதான் நடக்கும், 51-ஐ மறுபடியும் ரெட்டிப்பாக்க முடியாது, அதனால வளர்ச்சி மெதுவாகும்னு அவர் சொன்னார். மெதுவாத்தான் ஆச்சு.

ஆனா எனக்கு அதுல ஒரு குறை தெரியுது. அந்த வியர்வையை சிந்த வேலை எங்க இருந்து வந்துச்சு? 1965 ஆகஸ்ட் 9-ஆம் தேதி மலேசியாவை விட்டுப் பிரிஞ்சப்ப, மலேசியச் சந்தையை நம்பிப் போட்ட தொழில் திட்டமெல்லாம் செல்லாமப் போச்சு. 1968-ல பிரிட்டன்காரன் ராணுவத் தளத்தைக் காலி பண்றேன்னுட்டான், நாட்டோட வருமானத்துல அஞ்சுல ஒரு பங்கு கிட்ட அந்தத் தளத்தை நம்பி இருந்துச்சு. அரசாங்கத்துக்கு ஆலோசகரா இருந்த டச்சுக்காரர் ஆல்பர்ட் வின்செமியஸும் நிதியமைச்சர் கோ கெங் சுவீயும் பிரிவினைக்கு முன்னாடியே ஜூரோங் சதுப்புநிலத்தை மேடாக்கி ஃபேக்டரி கட்டினப்ப அதை "கோவின் முட்டாள்தனம்"னு பேசினாங்க. அப்ப வளர்ற நாடுகள் பலதும் அந்நியக் கம்பெனியை வாசல்லயே நிறுத்தின காலம், இவங்க கூப்பிட்டு நிலமும் கரண்டும் பயிற்சி பெற்ற ஆளும் கொடுத்தாங்க. யாழ்ப்பாணத்துல பிறந்த ராஜரத்தினம், அப்ப வெளியுறவு அமைச்சர், 1972-ல, நமக்கு பின்நிலம் (துறைமுகத்துக்குப் பின்னால இருந்து சரக்கு கொடுத்து வாங்கற நிலப்பகுதி) இல்லைன்னா உலகமே நமக்குப் பின்நிலம்ங்கற கருத்துல ஒரு உரை ஆத்தினார், அதே வருஷம் தஞ்சோங் பகாரில் கண்டெய்னர் முனையம் திறந்துச்சு. பிராந்தியத்துல பலரும் கண்டெய்னரை நம்பாத நேரம். 2024-ல அந்த ஊர் துறைமுகம் 20 அடி கண்டெய்னர் கணக்குல 4 கோடிக்கு மேல கையாண்டிருக்கு. இந்த முடிவுகளை எந்த உற்பத்தித்திறன் சமன்பாட்டுலயும் பிடிக்க முடியாது, பரீட்சையில ரெண்டு பக்கமும் எழுதுங்க.

தமிழ்நாட்டை சிங்கப்பூர் ஆக்குவோம்னு எல்லா கட்சியும் சொல்லுதே, ஆகுமா?
*(வாசகர், சேலம்)*

ஆகாது, ஆகவும் வேண்டாம். சிங்கப்பூர் சென்னை மாநகராட்சியைவிட ஒண்ணே முக்கால் மடங்கு பரப்பு, அவ்வளவுதான், விவசாயம் பேருக்குத்தான், கிராமம் கிடையாது. தமிழ்நாடு ஏழு கோடிக்கு மேல மக்கள் இருக்கற மாநிலம், சொந்த நாணயம் இல்ல, சுங்க வரி கையில இல்ல. நான் மேல சொன்ன கருவி ஒண்ணுகூட சென்னை கோட்டையில கிடையாது. துறைமுக வேகம், தொழிற்பயிற்சி, வாடகை வீடு இல்லாம சொந்த வீடு கொடுத்தது, இதுகள்ல கத்துக்க நிறைய இருக்கு.

டிரம்ப் போட்ட வரியில சிங்கப்பூரும் மாட்டுச்சா?
*(வாசகர், திருநெல்வேலி)*

மாட்டுச்சு. 2004-ல இருந்து அமெரிக்காவோட தடையில்லா வணிக ஒப்பந்தம் இருக்கு, அமெரிக்கப் பொருளுக்கு சிங்கப்பூர்ல இறக்குமதி வரியே கிடையாது, வியாபாரத்துல அமெரிக்காவுக்குத்தான் மிச்சம், அப்படி இருந்தும் 2025 ஏப்ரல்ல 10 சதவீதம் போட்டாங்க. பதிலுக்கு இவங்க வரி போடல, போட்டா தன் மக்களுக்குத்தான் விலை ஏறும். எம்.ஏ.எஸ் ஜனவரியில ஒரு தடவை, ஏப்ரல்ல ஒரு தடவை நாணயத்தோட சாய்வைக் குறைச்சுது. இந்த அளவு நாட்டுக்கு நேர்மையா இருந்தாலும் பாதுகாப்பு இல்லைங்கறது எனக்கு வருத்தமான செய்தி.

வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல கட்டட வேலை, ஒர்க் பெர்மிட். சம்பளம் ஏத்தக் கேட்டா "உனக்கு லெவி கட்டியே முடியல"ன்னு முதலாளி சொல்றாராம். லெவின்னா என்ன, அந்தக் காசு இவருக்கு வராதா?
*(வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்)*

வராதும்மா. லெவிங்கறது வெளிநாட்டு ஆளை வெச்சுக்கறதுக்காக முதலாளி மாசாமாசம் அரசாங்கத்துக்குக் கட்ற காசு. கட்டட வேலையில 2024 ஜனவரியில இருந்து, அடிப்படைத் திறன்னு பதிவான ஆளுக்கு 900 வெள்ளி, உயர்திறன்னு பதிவான ஆளுக்கு 500 வெள்ளி. டெஸ்ட் அடிச்சுட்டு (திறன் தேர்வு பாஸாகி) புதுசா போற பையனோட அடிப்படைச் சம்பளம் பல இடத்துல அந்த 900-ஐவிடக் கம்மி. அவனுக்குக் கொடுக்கறதைவிட அவன் பேர்ல அரசாங்கத்துக்குக் கட்றது அதிகம்.

எதுக்கு இப்படின்னா, வெளிநாட்டு ஆள் மலிவா கிடைச்சுக்கிட்டே இருந்தா முதலாளி மெஷின் வாங்க மாட்டான், உள்ளூர்க்காரன் சம்பளமும் ஏறாது, அதனால ஆள் விலையை வரி போட்டு ஏத்தறாங்க. காரணம் புரியுது. ஆனா இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லிட்டு வந்த கதையில, உலகத்துல எங்க இடி விழுந்தாலும் முதல்ல தாங்கறது யார்னு பாருங்க. 2024-ல அந்த ஊர்ல இருக்கற 60 லட்சம் பேர்ல 18 லட்சத்துக்கு மேல குடியுரிமையும் நிரந்தரவாசமும் இல்லாதவங்க. 1985-ல வேலை போனவங்கள்ல வெளிநாட்டுத் தொழிலாளிங்க நிறைய, பெர்மிட்டை ரத்து பண்ணினா ஊருக்குத் திரும்பிடுவாங்க, வேலையில்லாதவங்க கணக்குலயே வர மாட்டாங்க. 2009-ல கையிருப்பை எடுத்து, ஆளை வேலையை விட்டு அனுப்பாதீங்கன்னு கம்பெனிக்குக் காசு கொடுத்தப்ப, அது சேம நிதி கட்ற ஆளுக்கு மட்டும், ஒர்க் பெர்மிட் ஆளுக்கு சேம நிதியே கிடையாது. 2020-ல கொரோனா அதிகமா பரவினது வெளிநாட்டுத் தொழிலாளிங்க தங்கற டார்மிட்டரியில. அந்த நாட்டோட கட்டுப்பாடு, சேமிப்பு, நேர்மையான நிர்வாகம் எல்லாத்தையும் மனசார பாராட்டறவன் நான், இந்த ஒரு இடத்துல மட்டும் என்னால பாராட்ட முடியல. இத்தனை வருஷம் வீடு கட்டிக் கொடுத்தவனுக்கு சம்பளத்துல ஒரு சின்னப் பங்காவது சேமிப்பா சேரட்டும், ஊருக்குத் திரும்பறப்ப கையோட கொண்டு போகட்டும். லெவியில வர்ற காசுல இருந்தே அதைத் தொடங்க முடியும்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. லெவியை சம்பளத்துல பிடிக்கறது அங்க சட்டப்படி குத்தம், நேரடியாவோ வேற பேர்லயோ பிடிச்சா மனிதவள அமைச்சுகிட்ட புகார் கொடுக்கலாம். போறதுக்கு முன்னாடி வந்த ஐ.பி.ஏ (பெர்மிட்டுக்கு முன்கூட்டி கொடுக்கற ஒப்புதல்) கடிதத்துல அடிப்படைச் சம்பளம் எழுதியிருக்கும், அதோட ஒரு போட்டோ உங்க போன்லயும் இருக்கட்டும், எழுத்து மூலமா இவர் சம்மதிக்காம அதைக் குறைக்க முடியாது. சம்பளச் சீட்டை மாசாமாசம் அனுப்பச் சொல்லுங்க.

முக்கியமா, அவர் பெர்மிட் இன்னும் அடிப்படைத் திறன்லயே இருக்கான்னு கேளுங்க. கோர்ட்ரேட், மல்டிஸ்கில்லிங் மாதிரி டெஸ்ட் வழியா உயர்திறனுக்கு மாறலாம், அனுபவமும் சம்பளமும் சேர்ந்து தகுதி வர்ற வழியும் இருக்கு. மாறினா முதலாளிக்கு லெவி 900-ல இருந்து 500 ஆகும், மாசம் 400 வெள்ளி மிச்சம். "லெவி கட்ட முடியல"ன்னு சொல்றவர்கிட்ட, டெஸ்டுக்கு அனுப்புங்க, மிச்சமாகற 400-ல எனக்குப் பாதி ஏத்திக் கொடுங்கன்னு உங்க வீட்டுக்காரர் தைரியமா கேக்கலாம், பெர்மிட் புதுப்பிக்கறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடி கேக்கறது நல்லது.